பாண்டி பஜாரில் வாங்கிய செல்போன்

நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானே இதை நம்பாமல் இருக்க இருபத்தைந்து வருஷமாக முயன்று பார்க்கிறேன், முடியவில்லை. கிண்டியில் ஒரு புள்ளிமான் என்னோடு பஸ் ஏறி அடையாறில் இறங்கியதாகச் சொல்வேனே, அந்தக் கதையில் கொஞ்சம் கூட்டல் உண்டு. இதில் கிடையாது. இன்னும் சொன்னால், பயத்தில் சிலதை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1998, ஐப்பசி மாதம். அப்போது செல்போன் என்பது வக்கீல்களிடமும் கல்யாண காண்ட்ராக்டர்களிடமும் மட்டும் இருந்த வஸ்து. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லஸ் முனையில் ஒரு நடை நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. புதிது வாங்க வசதி இல்லை.

என் நண்பன் வெங்கடரமணன் எச்சரித்தான். அவனும் மந்தைவெளிதான், எனக்கு அடுத்த தெரு.

"பழைய போன்ல பாதி திருட்டுப் போன்டா அனந்தராமா. பில் கேளு. பெட்டி கேளு. ஒண்ணும் இல்லேன்னா, விக்கறவன் பேரையும் விலாசத்தையுமாவது கேட்டு வெச்சுக்கோ. நாளைக்குப் போலீஸ் வந்தா என்ன சொல்லுவே?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாண்டி பஜாரில், நடைபாதைக் கடைகளுக்கு நடுவே ஒருவன் போனை நீட்டினான். நாற்பது வயது இருக்கும். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பில் இல்லை, பெட்டி இல்லை.

"பேர் என்னப்பா?"

தயங்காமல் சொன்னான். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீடுகள் என்றும் சொன்னான்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். திருட்டுப் பொருள் விற்கிறவன் சொந்தப் பெயரையா சொல்வான்? ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

புது சிம் போட்டேன். போன் நன்றாகவே வேலை செய்தது. ஒரே ஒரு விஷயம்... நான்கு நாள் ஆகியும் பேட்டரி குறையவே இல்லை. அதை நான் பேய் என்று நினைக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, மாலை 6.40. மந்தைவெளி மார்க்கெட் அருகே நிற்கிறேன். போன் அடித்தது.

அந்தக் காலத்தில் நாம் பேசினாலும் காசு, அடுத்தவர் கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு. அதனால் யாரும் எடுக்க மாட்டோம். திரையில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டு, கட் செய்துவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிடுவோம். நானும் அப்படியே செய்தேன். பூத்காரர் பீர் முஹம்மது எனக்குப் பழக்கம்.

மணி போனது. எடுத்தார்கள்.

"ஹலோ, யாருங்க?"

மூச்சு மட்டும் கேட்டது.

"யார் வேணும்?"

"யார்கிட்ட வாங்கினே?"

ஆண் குரலா, பெண் குரலா, சொல்லத் தெரியவில்லை. கோபம் இல்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்து கேட்பது போல ஒரு நிதானம்.

"எதை?"

"போனை. யார்கிட்ட வாங்கினே?"

"யாரோ ஒருத்தன்... பாண்டி பஜார்ல..."

"யாரோ இல்ல. பேர் வேணும். நாளைக்கு இதே நேரம் கேப்பேன்."

கட்.

வெளியே வந்தேன். பீர் முஹம்மது மீட்டரில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், உங்க நம்பருக்கு நீங்களே போட்டிருக்கீங்க? அன்னிக்கு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க... இதோ பாருங்க."

பார்த்தேன். என் எண்தான். வாங்கி நாலு நாள், இன்னும் மனப்பாடம் ஆகாத என் எண்.

ஆனால் என் பையில் இருந்த போன் அடிக்கவே இல்லையே...

அப்படியானால் எடுத்தது யார்?

வீட்டுக்குப் போனதும் சிம்மை எடுத்தேன். பேட்டரியைக் கழற்றி வேறு அறையில் வைத்தேன்.

திரையில் பச்சை வெளிச்சம் அணையவில்லை.

விடிய விடிய அந்தப் பெயரைத் தேடினேன். பொன்னுசாமியா? பொன்னையாவா? வரவில்லை. கோட்டூர்புரம் மட்டும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு, மழையில் நனைந்தபடி போர்டு வீடுகளுக்குப் போனேன். டீக்கடையில் விசாரித்தேன். புருவத்தில் வெட்டு என்றதும் சிரித்தார்கள்.

"நம்ம பொன்னுரங்கம்! ரெண்டாவது மாடி, சார்."

பொன்னுரங்கம். அதேதான். அப்படியே திரும்பியிருக்கலாம். போனை அவனிடமே கொடுத்துத் தலை முழுகிவிடலாம் என்று மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி தேவானை.

"இன்னா சார், இன்சூரன்சா? அதெல்லாம் வாணாம்."

உள்ளே கட்டிலில் அவன் படுத்திருந்தான். அதே முகம். இடது காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு.

போனைக் காட்டினேன். அவன் முகம் வெளிறிப்போனது.

"அத்த எங்க எட்த்த நைனா?"

"நீதானேப்பா வித்தே. வெள்ளிக்கிழமை, பாண்டி பஜார்ல."

தேவானை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையா? இது கக்கூசுக்குப் போவணும்னாலே நான்தான் தூக்கினு போவணும். ரெண்டு மாசமா இப்டிதான் கீது. பஜாருக்குப் போச்சாம்!"

அப்போதுதான் பார்த்தேன். தழும்பு வலது புருவத்தில் இருந்தது.

எனக்கு விற்றவனுக்கு... இடது.

"நான் அத்த ஆத்துல போட்டேன் நைனா," என்றான் பொன்னுரங்கம். "பிரிட்ஜ் மேல நின்னு, என் கையால போட்டேன். முளுகிச்சு. பாத்தேன்."

"ஏன் போட்டே?"

"என் சகலை புகழேந்தி வாங்கினு வந்தான். எவன்கிட்டன்னு அவனுக்கே தெரியாது. ஃபோன் வந்துச்சு. 'தெர்ல'ன்னான். அடுத்த நாளும் 'தெர்ல'ன்னான்..."

"அப்புறம்?"

"காலைல பாத்தா, காதுல வெச்சபடியே உக்காந்துகினு இருந்தான். கைய எறக்க முடில நைனா. அப்டியேதான் எடுத்தோம்."

தேவானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பால எனக்கு அடிச்சிது. புகழேந்தி பேர சொன்னேன். வுட்டுட்ச்சி."

6.40.

என் கையில் போன் அடித்தது. சிம் என் வீட்டு மேஜையில் இருந்தது. பேட்டரியும்.

"எடு நைனா! என் பேர சொல்லு! சொல்லு!"

காதில் வைத்தேன். ஐஸ் போல இருந்தது.

"யார்கிட்ட வாங்கினே?"

"பொ..."

மூச்சு. மிக அருகில்.

"பொன்னு... பொன்னுரங்கம்."

"சரி."

கட்.

பச்சை வெளிச்சம் அணைந்தது.

ஆறு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கடலிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று நேரே திருவான்மியூர் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசினேன். அது அலைக்கு அந்தப் பக்கம் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குளிரில் காய்ச்சல் வந்து பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

பதினோராம் நாள் வெங்கடரமணன் வந்தான். வந்ததும் சண்டை.

"ஏண்டா, முந்தாநாள் பாண்டி பஜார்ல கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பார்க்கலையே? அவ்வளவு பெரிய மனுஷனாயிட்டியா?"

"நானா?"

"பின்னே நானா? அந்த செல்போனை ஒரு சின்னப் பொண்ணுகிட்ட வித்துண்டிருந்தே. சமத்துப் பொண்ணு. நான் உனக்குச் சொன்ன மாதிரியே, 'சார், உங்க பேர் என்ன'ன்னு கேட்டா. ரெண்டு தரம் கேட்டா."

எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பேர் சொன்னேன்?"

"எங்கே சொன்னே? அவ மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சே. அப்படியே கூட்டத்துல போயிட்டே."