ஐந்தாவது பெயர்

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஸ்ரீரஞ்சனியிடம் ஒரே மாதிரிதான் விசாரித்தார்கள். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இருந்ததா? தூக்கக் கலக்கமா? இரண்டும் இல்லை. 2002ஆம் வருஷம், மே மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். ஜோகுபாளையத்தில் அவளுடைய சொந்த வீட்டில், இரண்டு குழந்தைகளும் கூட இருக்கும்போது நடந்தது. நம்பாதவர்களிடம் அவள் வாதாடுவதில்லை. ஒரு ஃபேக்ஸ் தாளை மட்டும் எடுத்துக் காட்டுவாள். அது என்ன தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு பயணத் திட்டம்தான். போர்னியோ தீவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவள் ரஞ்சனியின் அக்கா ருக்மிணி. அவளுக்கு நாற்பத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. பதினாறு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு வரும். அப்பா சேஷகிரி மைசூர் சமஸ்தான காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். அவர் போன பிறகு அக்கா தங்கை வீட்டோடு வந்துவிட்டாள். ரஞ்சனி பேங்க் வேலைக்குப் போனாள். ஸ்னேஹாவையும் சின்னவள் அனுஷாவையும் குளிப்பாட்டி, சாதம் ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் ருக்மிணி.

மிருகங்கள் என்றால் அவளுக்கு உயிர். பத்திரிகையில் வரும் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைப்பாள். ஒராங்குட்டான், நீள மூக்குக் குரங்கு, மரத்துக்கு மரம் மிதந்து போகும் பல்லி. எல்லாவற்றுக்கும் மேலே இருவாச்சிப் பறவை. அது பறக்கும்போது சிறகுச் சத்தம் ரயில் வருவது மாதிரி கேட்குமாம். அதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்பாள். வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஜனவரியில் ரஞ்சனி, அவள் கணவர், குழந்தைகள், ருக்மிணி என ஐந்து பேரும் சேர்ந்து காக்ஸ் டவுனில் இருந்த ஒரு சின்ன டிராவல் ஆபீஸுக்குப் போனார்கள். ஜூடித் என்ற பெண் உட்கார வைத்து எல்லாம் விளக்கினாள். விமானத்திலிருந்து இறங்கி, நதியில் இரண்டு மணி நேரம் படகு. காட்டுக்கு நடுவில் மரத்தாலான விடுதி. ருக்மிணி ஜூடித்திடம் இருவாச்சியைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள்.

பிப்ரவரியில் ருக்மிணிக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. ஒன்று கமர்ஷியல் ஸ்ட்ரீட் நடுவில்.

"நதில போயிண்டிருக்கறச்சே வந்தா என்ன பண்ணுவே? அங்க ஆஸ்பத்திரி கிடையாது" என்றார் ரஞ்சனியின் கணவர் ரகுராம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ரஞ்சனி தலையாட்டியதற்குக் காரணம் அது இல்லை. ஒரே ஒரு தடவை, அக்கா இல்லாமல், தாங்கள் நாலு பேராக எங்கேயாவது போய் வர வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரகுராமிடம்கூட.

நீ வர வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் ருக்மிணி ஒத்துக்கொண்டிருப்பாள். ரஞ்சனி சொல்லவில்லை. ஏப்ரலில் அக்காவின் பாஸ்போர்ட் தபாலில் வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். சாயங்காலம் அக்காவிடம் போய், "உன் பாஸ்போர்ட் இன்னும் வரலைக்கா. இனிமே வந்தாலும் விசாவுக்கு நாள் பத்தாது. யாரும் போகலை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள்.

ருக்மிணி சொன்னாள்: "எனக்காக நிறுத்தாதே. குழந்தைகள் ஏமாந்து போயிடும். நீங்களாவது போயிட்டு வாங்கோளேன்."

அந்த இடத்தில் ரஞ்சனி உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு அக்காவே ஒதுங்கி நின்றாள். ஆனால் ரஞ்சனியின் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நீ இல்லாம எப்படிக்கா?"

மே நான்காம் தேதி ருக்மிணியை மைசூருக்கு, சித்தி பெண் வனஜா வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்றாள். பெட்டி கட்ட, மழைக்கோட்டு வாங்க, விசாவுக்குப் போட்டோ எடுக்க வீடு காலியாக இருக்க வேண்டுமே. குழந்தைகளிடமும் சொல்லி வைத்தாள். பெரியம்மா போன் பண்ணினால் ஊருக்குப் போவதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஆறு வயது அனுஷா, "ஏன்?" என்று கேட்டாள்.

ஏழாம் தேதி ரஞ்சனி லீவில் இருந்தாள். மத்தியானம் 1.40க்குப் போன் அடித்தது. ஜூடித்.

"மேடம், நாலு பேர்னுதானே சொல்லியிருந்தீங்க? இப்ப அஞ்சாயிடுச்சே, அதான் கேக்கறேன்."

"அஞ்சா? யார் சொன்னா?"

"உங்க அக்காதான் வந்து ஃபாரம் ஃபில் பண்ணிட்டுப் போனாங்க. பாஸ்போர்ட் ரஞ்சுகிட்ட இருக்கு, அவ குடுப்பான்னாங்க."

ரஞ்சனிக்கு வந்தது பயம் இல்லை. அவமானம். அக்கா மைசூரிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது. எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

"எப்ப வந்தா?"

"பத்து நிமிஷம் ஆகுது. பச்சைப் புடவை கட்டியிருந்தாங்க. மேடம்... இங்க மழையே இல்ல. ஆனா அவங்க தலையிலேருந்து கால் வரைக்கும் நனைஞ்சிருந்தாங்க. துண்டு குடுத்தேன், வேணாம்னுட்டாங்க. நாற்காலியெல்லாம் தண்ணி."

போனை வைத்துவிட்டு மைசூருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை முயன்றாள். வனஜா வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அன்று ஒருவரும் எடுக்கவில்லை.

காக்ஸ் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்தால் கால்மணி நேரம். 2.15 ஆயிற்று. 2.30 ஆயிற்று. ருக்மிணி வரவில்லை. அப்போதுதான் ரஞ்சனிக்கு ஒன்று உறைத்தது. பாஸ்போர்ட் வந்தது அவளுக்கும் ரகுராமுக்கும் மட்டும்தான் தெரியும். வந்த அன்றே பீரோவைப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

அக்காவுக்கு எப்படித் தெரிந்தது?

2.41. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு இடி. கரண்ட் போயிற்று. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது.

ரஞ்சனி பீரோவைத் திறந்தாள். புடவைகள் கலையாமல் இருந்தன. அடியில் கையை விட்டாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

ஈரம்.

மேலே இருந்த புடவைகள் காய்ந்துதான் இருந்தன. அடியில் இருந்தது மட்டும் பிழிந்து வைத்த மாதிரி சில்லென்று இருந்தது. அதற்கு அடியில் பாஸ்போர்ட். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அதை வெளியே எடுத்தாள். முதல் பக்கத்தில் அக்காவின் போட்டோ. அந்தப் போட்டோவை எடுத்த அன்று அவள் குழந்தை மாதிரி இரண்டு தடவை தலைவாரிக்கொண்டாள்.

"அம்மா..."

அனுஷா அறை வாசலில் நின்றாள். ஸ்னேஹா அவளுக்குப் பின்னால், தங்கையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா கேட்டா, நாம என்னிக்குப் போறோம்னு. நீ சொல்லக்கூடாதுன்னியே. அதான் நான் சொல்லலை."

"போன்ல கேட்டாளா?"

"இல்லை. இங்கதான். பாத்ரூம்லேருந்து."

ரஞ்சனி ஸ்னேஹாவைப் பார்த்தாள். பத்து வயதுப் பெண். பொய் சொல்ல மாட்டாள்.

"நானும் கேட்டேம்மா" என்றாள் ஸ்னேஹா.

2.58.

வீட்டில் ஒரே பாத்ரூம். கூடத்தைத் தாண்டி, இருட்டான நடையின் கடைசியில். ரஞ்சனி குழந்தைகளைக் கட்டில்மேல் உட்கார வைத்தாள். நடையில் இறங்கினாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பக்கெட்டில் விழும் சத்தம். முதலில் கனமாக... பிறகு நிறைய நிறைய மெலிதாக...

செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தெருவில் தண்ணீர் வராது. மாடித் தொட்டி காலையிலேயே காலி. மோட்டார் போடக் கரண்ட் இல்லை. குழாயில் காற்றுதான் வர வேண்டும்.

பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

உள்பக்கம் தாழ்.

"யாரு?"

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அக்கா?"

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ மூச்சு வாங்கினார்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பது போன்ற மூச்சு.

"ரஞ்சு..."

அக்காவின் குரல். சந்தேகமே இல்லை.

"என் பாஸ்போர்ட் வந்துடுத்தாடி?"

ரஞ்சனியின் கையில்தான் அது இருந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகத் தள்ளியிருந்தால் போதும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"இல்லைக்கா..." என்றாள் ரஞ்சனி. "இன்னும் வரலை."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.



"சரி" என்றது குரல். "பரவாயில்லை."

டக்.

தாழ் விலகியது. கதவு தானாகத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

பக்கெட் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மேலே குழாய் காய்ந்து கிடந்தது.

3.07.

3.20க்கு வனஜா மைசூரிலிருந்து போன் பண்ணினாள். அழுகையில் பாதி வார்த்தைகள் புரியவில்லை. மத்தியானம் ருக்மிணி பாத்ரூமில் துணி துவைக்கப் போயிருக்கிறாள். வலிப்பு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் கவிழ விழுந்துவிட்டாள். தண்ணீர் வழிந்து ஓடும் சத்தம் கேட்டுக் கதவை உடைத்திருக்கிறார்கள். உயிர் போனது 12.15 வாக்கில் என்று டாக்டர் சொன்னாராம். எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் வீட்டில் போன் எடுக்க ஆள் இல்லை.

ரஞ்சனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்ன புடவை கட்டிண்டிருந்தா?"

"பச்சை. ஏன்டி?"

அன்று சாயங்காலமே மைசூருக்குப் போனார்கள். அக்காவின் முகத்தை ரஞ்சனியால் நேராகப் பார்க்க முடியவில்லை. எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டாயே என்று வனஜா சொன்னபோது ரஞ்சனி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மறுநாள் தகனம் முடிந்தது.

போர்னியோ பயணம் அத்தோடு நின்றது. பத்தாம் தேதி ஜூடித் எல்லாவற்றையும் ரத்து செய்தாள். ருக்மிணியின் பெயர் போட்ட அந்த ஃபாரத்தை ரகுராம் போய் வாங்கிப் பார்த்தார். மை கலங்கியிருந்தாலும் கையெழுத்து அவளுடையதுதான். அவர் வீட்டுக்கு வந்து ரஞ்சனி பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றுதான் ரஞ்சனி அவரிடம் தன் மனதில் இருந்த நிஜமான காரணத்தைச் சொல்லி அழுதாள். அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பாள்.

மே 29, புதன்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஜூடித் போன் பண்ணாமல் நேரிலேயே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு ஃபேக்ஸ் தாள். அந்தக் காட்டு விடுதியின் மானேஜர் அனுப்பியது.

"மேடம், நான் அஞ்சு பேரையும்தான் கேன்சல் பண்ணேன். சத்தியமா. காப்பி வெச்சிருக்கேன். ஏர்லைன்ஸ்லயும் கேட்டுட்டேன். உங்க யார் பேர்லயும் யாரும் ஏறல."

ரஞ்சனி தாளை வாங்கிப் படித்தாள். இங்கிலீஷில் ஏழே வரிகள்.

உங்கள் நான்கு விருந்தாளிகளின் ரத்துக் கடிதம் கிடைத்தது, வருந்துகிறோம். மிஸ் ருக்மிணி சேஷகிரி மட்டும் 25ஆம் தேதி மத்தியானம் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அவர் அறையைக் காலி செய்ய வேண்டிய நாள் இன்று. ஆனால் கிளம்ப மறுக்கிறார். தினமும் காலையில் தன் மேஜையில் இன்னும் நான்கு தட்டுகள் வைக்கச் சொல்கிறார். தங்கை குடும்பம் எப்போது வருகிறது என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?