மாப்பிள்ளை தள்ளிய கார்

அந்தக் காரை வாங்கியவர் என் கணவர். ஓட்டுகிறவள் நான். அவர் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் பின்பக்கமாகப் போய் முட்டிவிட்டு, "எனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலால் தரையை அழுத்திப் பிரேக் பிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

பழைய டீசல் கார். நாங்கள் வாங்கியது பங்குனி வெயிலில். சேந்தமங்கலத்துப் பங்குனியில் கார் பானெட்டின் மேல் வடகம் காயவைக்கலாம். சாவியைத் தொட்டாலே வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளி வேனிலேயே போய்விடுவேன் என்பதால் கார் ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் வெளியே வரும். தை மாத விடியற்காலையில் அதைக் கிளப்ப வேண்டிய அவசியம் தம்பி கல்யாணம் வரை எங்களுக்கு வரவில்லை.

தம்பிக்கு மோகனூரில் பெண் எடுத்தோம். எங்களுடையது தறிக் குடும்பம், பெண் வீட்டாருக்கு லாரித் தொழில். காவிரிக் கரையில் ஒரு கோயிலில் தாலி கட்டு, பிறகு பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. சொந்தக்காரர்களையும் சீர்த்தட்டுகளையும் வேனில் ஏற்றி முன்னதாக அனுப்பிவிட்டோம். மாப்பிள்ளை, அம்மா, என் கணவர், தாலி, எல்லாம் என் காரில். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவளும் நான், கார் ஓட்ட வேண்டியவளும் நான். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

கர் கர் கர் என்றது. நின்றுவிட்டது.

கொல்லிமலையிலிருந்து இறங்கிய பனி தெருவை மூடியிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற குளிர்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு அது குளிர். மறுபடி திருப்பினேன். மறுபடி அதே கர் கர்.

"இஞ்சினுக்குச் சளி புடிச்சிருக்கும்மா" என்றார் என் கணவர், மப்ளருக்குள்ளிருந்து. பானெட்டைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று தெரியாது. உள்ளே போய்க் கம்பளியைக் கொண்டு வந்து இஞ்சினுக்குப் போர்த்திவிட்டார். அது போதாது என்று பட்டதோ என்னவோ, என்னுடைய முடி காயவைக்கும் டிரையரை ஒரு நீளமான வயரில் மாட்டி எடுத்து வந்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பக்குவத்தில் இஞ்சினுக்குச் சூடு காட்ட ஆரம்பித்தார்.

பின் இருக்கையில் அம்மா, மடியில் தாம்பாளத்தோடு. "கொஞ்சம் எறங்கிக்கம்மா" என்றேன்.

"நல்ல நேரத்துல ஏறி ஒக்காந்தவ எறங்க மாட்டேன் கண்ணு. கோயில் வாசல்லதான் எறங்குவேன்."

சாவியை நான் திருப்பத் திருப்பச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். பேட்டரியும் போயிற்று. அதுவரை வாசலில் நின்று செல்போனில் முகம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி முதல் தடவையாகக் கலவரமானான்.

"அக்கா, தள்ளிப் பாக்கலாமா?"

"நீ மாப்பிள்ளைடா."

"தள்ளலீன்னா மாப்பிள்ளை ஆவ மாட்டேன்க்கா."

பேசிப் பயனில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஒரு பக்கம், மப்ளரோடு என் கணவர் ஒரு பக்கம். பால் கேனை இறக்கி வைத்துவிட்டுப் பால்காரரும் வந்தார். முட்டை ஏற்றிக்கொண்டு வந்த வேன்காரர் ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். பின் இருக்கையில் அம்மா சாமி ஊர்வலம் போலச் சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, அம்மாவ எறக்கி உட்டா லேசா இருக்குமுங்களே" என்றார் முட்டை வேன்காரர்.

"அவங்கள எறக்கறதுக்குக் காரத் தள்றதே லேசுங்க" என்றார் என் கணவர்.

தள்ளினார்கள். தெரு லேசான சரிவு. வண்டி வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஓர் இருமல், பின்னால் வெள்ளைப் புகை. அப்புறம் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா குலவையிட்டாள்.

இப்போதுதான் அடுத்த சங்கடம். நின்றால் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் புகைக்குள்ளிருந்து தம்பி ஓடி வருகிறான். மாலை இல்லாத குறைதான். அவனுக்குப் பின்னால் என் கணவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மாப்பிள்ளைய உட்டுப்போட்டு எங்க போறே சாமி!" என்று அம்மா அலறினாள்.

"நிறுத்துனா நின்னுபோகும்மா!"

தேர் நிற்கிற இடத்தில் வளைத்துத் திருப்பி அதே தெருவில் மறுபடி வந்தேன். வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. தம்பி கதவைத் திறந்து தாவி ஏறிவிட்டான். என் கணவரால் முடியவில்லை. இன்னொரு சுற்று வந்தேன். இந்த முறை பால்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூடவே ஓட, முட்டை வேன்காரர் பின்னாலிருந்து அவரை ஒரே தள்ளாகத் தள்ளி உள்ளே போட்டார். தம்பி கல்யாணத்தில் எங்கோ முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதாக என் கணவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கோ இல்லை, எங்கள் காரின் கதவில்தான்.

நாமக்கல் சிக்னலில் சிவப்பு விழுந்தபோதும் நியூட்ரலில் போட்டு உறும விட்டுக்கொண்டே நின்றேன். பக்கத்தில் பைக்கில் நின்றவர் என்னை ஏதோ பந்தயத்துக்கு வந்தவளைப் போலப் பார்த்தார்.

கோயில் வாசலில் மேளம் தயாராக இருந்தது. தம்பியும் அம்மாவும் இறங்கினார்கள். நான் மட்டும் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவிட்டுப் போனால் திரும்பும்போது பொண்ணையும் மாப்பிள்ளையையும் யார் தள்ளுவது? பெண் வீட்டார் முன்னால் மானம் போய்விடும்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க. இது மேல காலை லேசா வெச்சிருந்தாப் போதும். எடுத்துறாதீங்க. வேற எதையும் தொட்றாதீங்க" என்று கணவரை டிரைவர் இருக்கையில் ஏற்றிவிட்டு உள்ளே ஓடினேன்.

நான் சொன்னதை அவர் தவறாமல் செய்தார். ஒன்றைத் தவிர. உள்ளே கெட்டிமேளம் முழங்கியதும் அவருக்கு உணர்ச்சி வந்துவிட்டது. காலும் அழுந்திவிட்டது. வெளியே இஞ்சின் ஓலமிட, தவிலுக்கும் அதற்கும் போட்டி. காற்று ஆற்றுப்பக்கமிருந்து உள்நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. தம்பி இரண்டு முடிச்சுப் போட்டு, மூன்றாவதை நான் போடக் குனிந்தபோது கோயில் முழுக்க டீசல் புகை. ஐயர் இருமினார். பெண்ணின் தாயார் கண்ணைத் துடைத்தார், அத்தைகள் துடைத்தார்கள், வீடியோ எடுத்தவரும் துடைத்தார்.

முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். தலை குனிந்திருந்த புதுப்பெண் உதடு அசையாமல் கேட்டாள்.

"அண்ணி, வெளிய யாருங்க இஞ்சின இப்படி ரேஸ் பண்றது?"

என்னைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எங்க ஊட்டுக்காரருங்க சாமி. நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. காலைல தள்ளித்தான் வந்தோம்."

"யாரு தள்ளுனது?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவளும் ஓரக்கண்ணால் பார்த்தாள். வேட்டியில் கிரீஸ் கறை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவளுடைய அம்மா இன்னும் கொஞ்சம் அழுதார்.

"காலைல ஹீட்டர் போட்டீங்களா அண்ணி?"

"ஹீட்டரா? எங்க கார்ல ஏசியே வேல செய்யாது."

"அதில்லீங்க. சாவிய பாதி திருப்புனா மஞ்சளா ஒரு லைட்டு எரியும், சுருள் மாதிரி."

எனக்குத் தெரியும் அந்த லைட். சாவியைத் திருப்பும்போது மின்னி மறையும். ஜிலேபி லைட் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அது அணையற வரைக்கும் பொறுக்கோணும். உள்ள சூடாகும். அப்பறந்தான் ஸ்டார்ட் பண்ணோணும். வெயில் காலத்துல தேவப்படாது. குளிருக்கு அதில்லாம ஆவாது."

அதற்குள் ஐயர் அக்கினியைச் சுற்றி வரச் சொன்னார். சுற்றி முடித்ததும், மாலையும் கழுத்துமாக அவள் நேரே வாசலுக்கு நடந்தாள். தம்பியின் சுண்டுவிரல் அவள் விரலில் கோத்திருந்ததால் அவனும் கூடவே போனான். கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, என் கணவரின் முகத்துக்கு முன்னாலேயே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தாள்.

"அய்யோ!" என்றார் அவர். உயிரே போன மாதிரி அப்படி ஒரு குரல்.

"இஞ்சின் சூடா இருக்குதுங்கண்ணா. ஓடி வந்ததுல பேட்டரியும் ஏறியிருக்கும். இப்ப போடுங்க."

அவர் தயங்கித் தயங்கித் திருப்பினார். ஒரே பிடியில் எடுத்துக்கொண்டது. பெண் வீட்டு லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். வண்டியைச் சரிசெய்ததே தான்தான் என்பது போல அந்தக் கைதட்டலுக்கு அவர் கையை உயர்த்தி வேறு காட்டினார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது புதுப்பெண் பின் இருக்கைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல ஒக்காரோணும் சாமி" என்றாள் அம்மா.

"ஆகட்டுங்க அத்தை. இஞ்சின்ல பெல்ட்டு ஒண்ணு கத்துது. அது என்னன்னு பாத்துப்போட்டு வாரேன்."

நாமக்கல் தாண்டியும் அவள் பின்னால் போகவில்லை. அம்மாவுக்கும் என் கணவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான். காலையில் ஓடிய களைப்பு.

"அண்ணி, மூணாவது போடுங்க, இஞ்சின் முக்குது" என்றாள்.

போட்டேன். முக்கல் நின்றது.