ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

"முந்நூறு பக்கத்தை ஒரே மத்தியானத்துல முடிச்சீங்க. இந்த அறுபத்தொண்ணுக்கு மட்டும் ஏண்ணே ஒரு நாளைக்கு ஒண்ணு?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுல ரெண்டு நிரல்மொழி கலந்து கிடக்கும்மா. ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் போடணும்."

"நான் பார்த்தேன். ரெண்டு மூணு பக்கத்துலதான் கலந்திருக்கு."

"அந்த ரெண்டு மூணு எதுன்னு ஸ்கிரிப்ட் சொல்லுமா?"

"சொல்ல வைக்கலாம்."

"வைக்கலாம்," என்று ஒப்புக்கொண்டார். நாற்காலியைத் திருப்பினார். "உனக்கு யாராவது தினமும் ஏதாவது எழுதுறாங்களா?"

"அம்மா எழுதுவாங்க. சாப்பிட்டியான்னு."

"பதில் போடுவியா?"

"சில நாள்."

"தினமும் போடு," என்றார். பேச்சு அதோடு முடிந்தது. தான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதை மதியத்துக்கு மேல்தான் அவள் கவனித்தாள்.

ஊர்களுக்குத் தண்ணீர் விடும் நிலையங்களில் எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று கட்டளையிடும் நிரல்களை எழுதுகிற நிறுவனம் அது. அவள் அந்த ஆண்டுதான் ஆவணப் பிரிவில் சேர்ந்திருந்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் கையேடு எழுதுவது வேலை. அவருடைய வேலை, நிறுவனத்தார் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைக்கும் விக்கியைப் பராமரிப்பது. அதனால் எல்லாருக்கும் அவர் 'விக்கி அண்ணன்'. புதிதாக வருகிறவர்கள் அது ஏதோ பெயரின் சுருக்கம் என்று நினைத்து முழுப் பெயரைக் கேட்பார்கள். "விக்கிதான் முழுசு, நான்தான் பாதி" என்பார்.

அந்த விக்கியில் நிரல்களெல்லாம் வெறும் கறுப்பு எழுத்தில்தான் கிடந்தன. கட்டளைச் சொல் ஒரு நிறம், எண் ஒரு நிறம், குறிப்பு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்ட விக்கிக்குத் தானாகத் தெரியாது. அதற்கென்று ஒரு துணை நிரலை, பிளகின் என்பார்களே, அதைச் செருக வேண்டும். அவர் அதைச் செருகினார். எது எந்த நிரல்மொழி என்பதை அதுவே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் வினையாயிற்று. மறுநாள் காலை விடுப்பு விண்ணப்ப விதிகள்கூட வண்ண வண்ணமாக நின்றன. "அண்ணே, என் லீவு சிவப்புல வருது. கிடைக்காதா?" என்று ஒருவர் வந்து கேட்டார். ஊகத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிரலின் தலையிலும் மொழியின் பெயரை எழுதுவது என்று முடிவாயிற்று. முந்நூறு பக்கங்களுக்கு, அந்த வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒரே மூச்சில் போட்டுவிட்டார். அறுபத்தொன்றை மட்டும் கையால் போடுவதற்கென்று ஒதுக்கிக்கொண்டார்.

அந்த அறுபத்தொன்றையும் எழுதியது அவருடைய மனைவி. பக்கத்தின் அடியில் எழுதியவரின் பணியாளர் எண் மட்டுமே இருக்கும் என்பதால், புதிதாக வந்த அவளுக்கு அது தெரியாது.

மனைவியும் இதே அலுவலகத்தில்தான் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தன் தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, ஒரு பகல் ரயில் தூரத்திலிருக்கும் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். "அடுத்த மாசம் நானும் வந்துடறேன்" என்றார் இவர். அந்த அடுத்த மாதம் பதினான்கு முறை வந்து போனது. ஒரு மாதம் புது சர்வர், ஒரு மாதம் பழைய சர்வர். கடைசியில் மனைவி போனில் சொன்னார்: "நீங்க வர வேண்டாம். வரேன்னு சொல்றதையாவது நிறுத்துங்க."

நிறுத்தினார். அதன் பிறகு அந்தப் பக்கம் போனை யாரும் எடுக்கவில்லை.

தையல்கடைக்கு மேலே அதே இரண்டு அறைகளில்தான் இன்னும் இருந்தார். சுவிட்சுகளுக்குக் கீழே மனைவி எழுதி ஒட்டிய காகிதத் துண்டுகள்: 'மோட்டார்', 'வெளி விளக்கு', 'இதைத் தொடாதீங்க'. எது எதற்கு என்று அவருக்கு எப்போதோ மனப்பாடம். இருந்தாலும் ஓரம் பிரிந்தால் புது டேப் ஒட்டுவார்.

நிரலுக்கு வண்ணம் வேண்டும் என்று முதன்முதலில் கேட்டதும் மனைவிதான். "எறும்பு சாரை மாதிரி இருக்கு, கண்ணு வலிக்குது" என்று வருடக்கணக்காகச் சொல்லியிருந்தார். அதற்கும் இவர் சொன்னது அடுத்த மாதம்தான்.

விக்கியில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பக்கத்தை யார் மாற்றினாலும், எழுதியவருக்கு ஒரு மடல் போகும். மாற்றியவர் என்ன செய்தார் என்று எழுதும் ஒற்றை வரியும் அதில் இருக்கும். 'சிறு திருத்தம்' என்ற பெட்டியில் டிக் போட்டால் மடல் போகாது. அவர் டிக் போடுவதில்லை. தினமும் காலை பத்து மணிக்கு, ஒரு பக்கம், ஒரு மடல்.

நாற்பத்திரண்டு பக்கங்கள் ஆகியிருந்தபோது அணித்தலைவி வந்து நின்றார். "வெள்ளையடிக்கிறவர்கூட ஒரு நாளைக்கு ரெண்டு சுவர் முடிப்பார் அண்ணே. நீங்க ஒரு நாளைக்கு ஒரு செங்கல்லா?"

"நல்ல சுவரும்மா. நின்னுதான் அடிக்கணும்."

"நின்னது போதும். திங்கட்கிழமை புது ஆளுங்களுக்குப் பயிற்சி. அதுக்குள்ள மிச்சம் பத்தொன்பதும் முடியலைன்னா நான் வேற ஆளை விட்டு முடிச்சுக்குவேன்."

அவர் தலையாட்டினார். நல்ல மனிதர் நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியது அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே வந்து, கலப்பு மொழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினாள். ஓட்டிப் பார்த்தாள். பத்தொன்பதும் சரியாக வந்தன. யாருக்கோ பத்தொன்பது மடல் போய்த் தொந்தரவாகக் கூடாதே என்று 'சிறு திருத்தம்' என்று குறித்தே சேமித்தாள். தன் புத்திசாலித்தனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்து மணிக்கு அவர் வந்தார். பையை வைத்தார், பக்கத்தைத் திறந்தார். அது வண்ணத்தில் இருந்தது. அடுத்ததைத் திறந்தார். பிறகு கடைசியிலிருந்து ஒன்றைத் திறந்தார்.

"நான்தாண்ணே முடிச்சேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு."

"நல்லா பண்ணியிருக்கேம்மா," என்றார். "ஒரு தப்புகூட இல்லை." எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் அரைமணி நேரம் வரவில்லை.

ஏன் என்று புரியாமல், அவர் ஏற்கெனவே முடித்திருந்த பக்கங்களின் மாற்ற வரலாற்றை அவள் திறந்தாள். நாற்பத்திரண்டு நாட்களின் ஒற்றை வரிகள் வரிசையாக நின்றன.

'வண்ணம் சேர்த்தேன்.'

'வண்ணம் சேர்த்தேன். இங்கே மழை.'

'வண்ணம் சேர்த்தேன். மாடிக் குழாய் ஒழுகவில்லை, நானே சரிசெய்தேன்.'

'வண்ணம் சேர்த்தேன். அத்தை நடக்கிறார்களா?'

'வண்ணம் சேர்த்தேன். இதை ஆறு வருடம் முன்பே செய்திருக்கலாம்.'

இருபத்தேழாம் பக்கத்தில் மட்டும் அவர் வரிக்கு மேலே வேறொரு பணியாளர் எண் இருந்தது. பக்கத்தின் அடியில் இருந்த அதே எண்; அது யாருடையது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. 'மொழியின் பெயர் தவறு. திருத்தினேன்.' அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாட்களில், தவறே செய்யாத மனிதர் மூன்று பக்கங்களில் மொழியைத் தப்பாக எழுதியிருந்தார். யாரும் வந்து திருத்தவில்லை. ஆனாலும் தினமும் பத்து மணிக்கு எழுதியிருந்தார்.

திரும்பி வந்தவர் அவள் திரையில் என்ன திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டார். மறைக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுதானே. நான் எங்கே சொன்னேன்."

"அவங்க படிக்கிறாங்களா?"

"ஒரு தடவை படிச்சா." உட்கார்ந்தார். மவுஸைக் கையில் எடுத்தார், ஒன்றும் செய்யவில்லை. "போன்ல பேசினா அடுத்த மாசம்னு வாயில வந்துடும். இதுல அப்படி எழுத இடமே இல்லை, பாரு. அன்னைக்கு என்ன செஞ்சேனோ அதை மட்டும்தான் எழுத முடியும்." பிறகு, "பத்தொன்பது நாள் இருந்துச்சு" என்றார்.

மன்னிப்பு என்ற சொல் அந்த மேசைக்கு அவளுக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அணித்தலைவியின் அறைக் கதவு திறந்து மூடியது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, கடன் கேட்கிறவர்போலத் தயங்கிக் கேட்டார்:

"உன் ஸ்கிரிப்ட்டைப் பின்னாடியும் ஓட்டலாம், இல்லையா? அந்தப் பத்தொன்பதையும் பழையபடி கறுப்பாவே ஆக்கிக் கொடுத்துடறியாம்மா? மடல் போகாம. லீடர்கிட்ட நான் பேசிக்கிறேன்."