யுத்தப் பத்திரம் வாங்கிய கொடிக்கால்காரர்

யுத்த காலத்தில் நான் நாமக்கல் பக்கத்தில் ஒரு தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே வந்துபோன ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரை மறக்க முடியவில்லை. உயரமான, ஒல்லியான மனிதர். வெற்றிலை கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் கறுத்திருக்கும். பேசும்போது இடுப்பு மடியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். மடியில் இருந்தது சர்க்காரின் யுத்தக் கடன் பத்திரம். உழவு மாடு வாங்க வைத்திருந்த பணத்தை, அதிகாரிகள் கேட்டபோது மறுக்கப் பயந்து கொடுத்திருந்தார்.

ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்து, குண்டுக்குப் பயந்து சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சேலத்தில் வந்திறங்கிய சமயம், மடியைப் பிடித்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்க சாமி, சப்பான்காரன் வந்து இந்தச் சர்க்காரு ஓடிப்போச்சுன்னா, எங்கிட்ட வாங்குன கடனை ஆருங்க குடுப்பாங்க?”

“எந்தச் சர்க்கார் வந்தாலும் கொடுக்குமுங்க.”

“உங்க பணமும் இங்கதானுங்க இருக்குது?”

“ஆமாங்க” என்றேன்.

அன்று காலையில்தான் என் சேமிப்பு முழுவதையும் எடுத்து, வீட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு வந்திருந்தேன். அவர் என்னை நம்பித் திரும்பிப் போனார்.

சர்க்கார் ஓடவில்லை. யுத்தம் முடிந்து, தவணை வந்ததும் வட்டியோடு கொடுத்தது. ஆனால் அதற்குள் விலைவாசி எங்கேயோ போயிருந்தது. ஒரு ஜோடி மாட்டுக்கான பணம் ஒற்றை மாட்டுக்குக்கூடப் போதவில்லை.

“நீங்க சொன்னாப்பலயே குடுத்துட்டாங்க. நல்லா இருக்கோணும் சாமி” என்று கும்பிட்டார்.

என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் பயம் தருவது அந்தக் கும்பிடுதான்.