ஜன்னலோர இருக்கையும் இடுக்குப் பிள்ளையாரும்

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் புறப்பட்டது. திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலை. நூற்று அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், டிக்கெட் நூற்றெழுபது ரூபாய். பஸ் ஏறுகிற எல்லோரும் ஜன்னலோரம் தேடுவார்கள். நான் வாசலைத் தேடுகிறவள். முன்வாசலுக்கு அடுத்த வரிசையில், நடைபாதைப் பக்கம், எழுந்தால் சட்டென்று இறங்கிவிடலாம் என்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கத்து இருக்கைக்கும் டிக்கெட் வாங்கி, பையை வைத்து இடம் பிடித்தேன். அது கீழ்பென்னாத்தூரில் ஏறப்போகும் என் சம்பந்திக்கு.

சம்பந்தி என்று உரிமையோடு சொல்லத் தை மாதம் வர வேண்டும். என் மகள் திவ்யாவுக்கும் கஸ்தூரி அம்மாளின் மகனுக்கும் அப்போதுதான் கல்யாணம். ஆவணியில் நிச்சயதார்த்தம் நடந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. இரு வீட்டாரும் எதிரெதிரே நின்று தட்டு மாற்றிக்கொள்ளும் நேரம். தட்டை வாங்கக் கையை நீட்டியவள், நெஞ்சு அடித்துக்கொள்ள, மூச்சு பாதியில் நிற்க, இதோ செத்துவிழப் போகிறேன் என்ற நினைப்பில் திரும்பி மண்டபத்தை விட்டே வெளியே நடந்துவிட்டேன். நீட்டிய தட்டோடு கஸ்தூரி அம்மாள் அப்படியே நின்றார். என் கணவர்தான் ஓடிப்போய் வாங்கினார். பிரஷர் குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தோம்.

பிரஷர் குறையவில்லை. போன வருடத்திலிருந்து எனக்கு இப்படி வருகிறது. இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது, இதயத்தில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். நாற்பது பிள்ளைகள் எதிரில் இருக்கும்போது வருவதில்லை. கூட்டத்தில், எழுந்து போக முடியாத இடத்தில் வரும். மனநல மருத்துவர் ஒரு நல்ல அம்மாள். மாத்திரை வேண்டியவர்களுக்கு அது வேண்டும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் உங்களுக்கு முதலில் பயிற்சியில் பார்க்கலாம் என்றார். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். பாதம் தரையில் இருப்பதை உணர வேண்டும். கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடக் கூடாது. அது ஏறும், தானே இறங்கும். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரமாதமாகச் செய்வேன். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகின கதைதான்.

இந்த நிலையில்தான் கஸ்தூரி அம்மாள் போன் செய்து, ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி இருவரும் சேர்ந்து கிரிவலம் போகலாம் என்று கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? பௌர்ணமியன்று கூட்டம் நெரியும், முந்தின நாளே போய்விடலாம் என்று அவரே சொன்னதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. இன்னொரு கணக்கும் இருந்தது. கல்யாணத்தன்று தாரை வார்க்கும்போது மேடையில் நின்றாக வேண்டும். அன்றும் நான் ஓடினால் என் பெண்ணின் முகம் என்ன ஆகும்? நிற்க முடியுமா என்று அதற்கு முன்னால் எங்கேயாவது பார்த்துவிட வேண்டும்.

எட்டு மணிக்குச் செஞ்சி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாறைகளைக் கொட்டிக் குவித்த மாதிரியான மலைகளும் அவற்றின் உச்சியில் கோட்டைச் சுவரும் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தன. இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர். நான் பார்த்ததெல்லாம் பஸ்ஸுக்குள் ஏறிய கூட்டத்தைத்தான். நடைபாதை நிறைந்தது, படிக்கட்டு நிறைந்தது, என் தோளில் ஒருவருடைய பை அழுத்தியது. முன்வாசல் கண்ணுக்கு மறைந்தது. உள்ளங்கை வேர்க்கத் தொடங்கியது. பாறை, கோட்டை, ஏரி, கொக்கு, நெல் வயல் என்று மனத்துக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிதான் அடங்கியது.

கீழ்பென்னாத்தூரில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கஸ்தூரி அம்மாள் ஏறினார். வாட்டசாட்டமான உடம்பு, கணீரென்ற குரல். நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் விளைவிக்கும் குடும்பம்; கையில் அவித்த மணிலாக்கொட்டைப் பை. நான் ஜன்னல் இருக்கையைக் காட்ட, அவர் உட்கார மறுத்தார்.

“நீங்க உள்ள போங்க சம்பந்தி. நல்லா காத்து வரும். நான் இப்டி ஓரமா குந்திக்கிறேன்.”

விருந்தாளிக்கு நல்ல இடம் கொடுப்பது மரியாதை. அதை மறுப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை, அதுவும் தட்டு விஷயத்துக்குப் பிறகு. நகர்ந்தேன். அவர் அமர்ந்ததும் வெளியே போகும் வழி மொத்தமாக அடைபட்டது. மீதி இருபது கிலோமீட்டரும் அவர் கொடுத்த மணிலாவை உரித்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவர் ஒருமுறை கேட்டார். பஸ்ஸில் சாப்பிட்டால் ஆகாது என்று புளுகினேன்.

திருவண்ணாமலையில் இறங்கி, தரிசன வரிசையின் கம்பித் தடுப்புகளுக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றோம். சந்நிதியில் அண்ணாமலையாரை நான் பார்த்ததைவிட வெளிவாசலைப் பார்த்ததுதான் அதிகம். சாப்பிட்டு, ஒரு சத்திரத்தில் தலையைச் சாய்த்துவிட்டு, மூன்றரை மணிக்குச் செருப்பை அங்கேயே விட்டுப் புறப்பட்டோம்.

கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். மலை எப்போதும் நமக்கு வலப்பக்கம். மலையை ஒட்டிய ஓரத்தில் சித்தர்கள் வலம் வருவதாக நம்பிக்கை. அதை அவர்களுக்கு விட்டுவிட்டு மனிதர்கள் இடது ஓரமாக நடக்கிறோம். தொடங்கினால் பாதியில் திரும்பக் கூடாது என்றார் கஸ்தூரி அம்மாள். அந்த விதியைக் கேட்டதும் வழியில் நிற்கும் ஆட்டோக்களை எண்ணத் தொடங்கினேன். அக்னி லிங்கம், எம லிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். வெயில் தாழ்ந்து, தார்ச்சாலை இளஞ்சூடாகப் பாதத்தில் ஒட்டியது. திறந்தவெளி என்பதால் நெஞ்சு அடங்கியிருந்தது. மலையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் அதற்கு வேறு முகம்.

ஐந்தரை மணிக்கு அடி அண்ணாமலையில் எலுமிச்சை ஜூஸ் குடித்தோம், ஒரு டம்ளர் இருபது ரூபாய். டம்ளரைக் கீழே வைத்தபடியே அவர் ஆரம்பித்தார்.

“அன்னிக்கு பிரஷர் கம்மியாயிடுச்சின்னாங்களே, இப்ப தேவலையா?”

தேவலை என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க பெரிய நாத்தனார் தெனமும் கேக்கறாங்க. பிரஷருன்னா மயங்கி விழுவாங்க, இவங்க வெடுக்குனு திரும்பிப் போனாங்களே, சம்பந்தம் புடிக்கலயோன்னு. எனக்கும் மனசு ஒரு மாதிரியாத்தான் கீது.”

உண்மையைச் சொன்னால், அம்மாவுக்கு மனநோய், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்பார்கள். சொல்லாவிட்டால், படித்த திமிர், விவசாயக் குடும்பம் பிடிக்கவில்லை என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை சம்பந்தி என்று மட்டும் சொன்னேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அதன்பின் வாயு லிங்கம் வரை இருவரும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தோம்.

ஆறரை மணி. குபேர லிங்கம் தாண்டியதும் சாலையோரம் இடுக்குப் பிள்ளையார் கோவில். ஆள் உயரம்கூட இல்லாத கல் கட்டடம். பின்பக்கத் துவாரத்தில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, வரிசையாக உள்ள குறுகல் வாசல்களில் உடம்பை நுழைத்து முன்பக்கம் வெளியே வர வேண்டும். வாசல்கள் நேர்கோட்டில் இல்லை, வளைந்து வர வேண்டும். தலைவலி, உடம்புவலி போகும் என்று நுழைகிறார்கள். சின்ன வரிசை நின்றது.

“கல்யாணம் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கினேன் சம்பந்தி. ரெண்டு அம்மாவும் நொழஞ்சி வரணும்னு. உங்களக் கூப்ட்டதே அதுக்குத்தான்.”

மலையையே சுற்ற வைத்து என்னை இந்த எலிப்பொந்துக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார். மாட்டேன் என்றால் நாத்தனார் சொன்னது சரியாகிவிடும். என்னைவிட இரண்டு பங்கு உடம்பை வைத்துக்கொண்டு அவர் முதலில் நுழைந்து, சற்று நேரத்தில் முன்பக்கம் முளைத்தார். அடுத்தது நான்.

முதல் வாசல் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தோள் நுழைந்ததும், எனக்குப் பின்னால் ஒரு பெண் நுழைந்து என் காலடியில் தலை வைப்பது தெரிந்தது. பின்னால் வழியில்லை. அந்த நினைப்பு வந்த நொடியில் அது வந்தேவிட்டது. காதுக்குள் இடி. மூச்சைப் பிடித்து இழுத்தேன். நெஞ்சு விரிந்து கல்லில் முட்டியது. முட்டியதும் பயத்தில் இன்னும் இழுத்தேன், இன்னும் இறுகியது. பின்னால் தள்ளிப் பார்த்தேன், புடவை எங்கோ மாட்டியது. இங்கேயே சாகப் போகிறேன், திவ்யா கல்யாணம் நின்றுபோகும் என்று தெளிவாகத் தோன்றியது.

இன்னும் இழுக்க நெஞ்சில் இடமே இல்லை. விடத்தான் முடியும். விட்டேன். மெழுகுவத்தியை அணைக்காமல் ஊதுவதுபோல ஊதுங்கள் என்று மருத்துவர் சொன்னது நினைவு வந்தது. ஊதினேன். கல்லுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடம் விழுந்தது. தோள் கொஞ்சம் நகர்ந்தது. பயம் போகவில்லை, கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியும் விட்டேன்.

“சம்பந்தி, எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கும் இதே பயம்தான். உங்கள புடிக்காம இல்ல.”

கடைசி வாசலில் வளையல் போட்ட ஒரு கை உள்ளே நீண்டது. இழுக்கவில்லை, சும்மா நீட்டி வைத்திருந்தது. நான் ஊதினேன், நகர்ந்தேன், ஊதினேன். கையைப் பிடித்தபோது அடிப்பது என் நாடியா அவர் நாடியா என்று தெரியவில்லை. பின்னால் வந்த பெண் பொறுமையாக, “நிதானமா போங்கக்கா” என்றாள்.

வெளியே வந்து மண்தரையில் உட்கார்ந்தேன். கை கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில், மருத்துவர் சொன்னபடியே, அது தானாக இறங்கியது. நான் ஓடாமல் அது இறங்கியது அன்றுதான் முதல் தடவை. ஓட இடமில்லை என்பதும் உண்மைதான், அதனால் என்ன? கஸ்தூரி அம்மாள் என் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஈ.சி.ஜி., மருத்துவர், பயிற்சி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தது உள்பட. கடைசியாகச் சொன்னதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டார். தாரை வார்க்கிறபோது வந்துவிட்டால் என்ன செய்வேன், அதுதான் என் கவலை என்றேன்.

“வந்தா வரட்டும். நின்னுக்கினே பயப்படுங்க. பொண்ணக் குடுக்கற அம்மாவுக்குக் கை நடுங்கலன்னாத்தான் ஊரு பேசும். நடுங்குனா யாரு பேசப் போறாங்க?”

சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது. எத்தனை மாதமாக மறைத்து மறைத்துச் செத்தேன். நடுக்கத்துக்கு என்றே ஒரு மேடை போட்டுக் கொடுத்து, அதில் நடுங்குவதைத் தாய்மை என்று சொல்லும் ஊரில் இருந்துகொண்டு!

எட்டு மணிக்கு ராஜகோபுரத்தின் முன் சுற்று முடிந்தது. இரவு கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டில் தங்கினேன். பெரிய நாத்தனாரும் வந்திருந்தார். நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும் பஸ், பௌர்ணமிக் கூட்டத்துக்கு எதிர்த்திசை என்பதால் நெரிசல் கம்மி என்று கஸ்தூரி அம்மாள் சொல்லியிருந்தார். வந்து நின்றது பிதுங்கிக்கொண்டு. ஒருவர் இறங்கியதில் எனக்கு அதே இடம், முன்வாசல் பக்கம், நடைபாதை ஓரம் கிடைத்தது. ஜன்னலோரம் இருந்தவர் செஞ்சியில் இறங்கினார். அங்கே ஓர் அம்மாள் பெரிய கூடையோடு ஏறி, கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஜன்னலோரம் போக வழியில்லாமல் நின்றார். எங்கள் ஊரிலாக இருந்தால் நான் தலையைத் திருப்பிக்கொண்டு செல்போனைப் பார்த்திருப்பேன், தினமும் அதைத்தான் செய்கிறேன். உள்ளங்கை அப்போதே வேர்க்கத் தொடங்கியிருந்தது. மூச்சை நீளமாக விட்டேன்.

“வாங்கம்மா, ஓரமா உக்காருங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.