இரண்டாம் தடவை குத்திய காது

என் இரண்டு காதிலும் இரண்டிரண்டு ஓட்டைகள் உண்டு. எந்தப் பார்லரில் குத்தினாய் என்று அலுவலகத்தில் கேட்பார்கள். பார்லர் இல்லை, வெள்ளானூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, ஊருக்கே பிரியாணி போட்டுக் குத்தியது என்றால் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் கோபம் அடங்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த மெஷின் அவர் வலது கையில் மூன்று விரல்களை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முதலாளி காரில் வைத்துப் பேசி முடித்துவிட்டார். மெஷின் என்று சொன்னால் கேஸாகும், பட்டறையை மூடிவிடுவார்கள், பத்துப் பேர் பிழைப்பு போய்விடும். பைக் செயினில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடு, ஆபரேஷன் செலவு முழுக்க என்னுடையது என்றாராம். அப்பா அப்படியே சொன்னார். அப்பா சொன்னது எழுத்தில் ஏறிவிட்டது. முதலாளி சொன்னது காற்றோடு போய்விட்டது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

இரண்டு ஆபரேஷன் நடந்தும் அந்த மூன்றில் ஒரு விரல்தான் தப்பியது. அம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அதுவும் போதாமல் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். வட்டி கட்ட என் காதில் கிடந்த கம்மலும் போனது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மூன்று தடவை பட்டறை வாசலில் போய் நின்றாள். மூன்று தடவையும் முதலாளி வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். கார் மட்டும் உள்ளே நின்றது. சொந்தக்காரர்களிடம் கேட்டால், அவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதார்கள். நாங்கள்தான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தோம்.

என் மூளிக்காதைப் பார்த்ததும்தான் அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, அந்த யோசனை வந்தது.

“கேட்டா எவனும் குடுக்க மாட்டான்க்கா. பத்திரிகை வெச்சா வந்து துன்னுட்டு, குட்த்துட்டுப் பூடுவான்.”

அப்பா ஊரார் விசேஷங்களுக்கெல்லாம் மொய் எழுதியவர். எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் வைத்ததில்லை. எனக்கு ஒரு வயதிலேயே கோயிலில் வைத்து, யாரையும் கூப்பிடாமல் காது குத்தியாகிவிட்டது. அதனால் என்ன, கம்மல் போடாமல் துளை தூர்ந்துதானே வருகிறது என்றார் மாமா. வெளியே நிற்கிற மொய்யை வசூலிக்க ஒரு காது வேண்டும், அவ்வளவுதான். அப்பா வாயைத் திறக்கவில்லை. அவர் அப்போதெல்லாம் எதற்குமே வாயைத் திறப்பதில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

விசேஷத்தன்று பட்டுப்பாவாடையில் மாமாவின் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி என் காதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார். பழைய துளை பாதிகூடத் தூரவில்லை. மாமா அடிக்குரலில், பக்கத்தில் குத்துங்கள் என்றார். கம்பி இறங்கியதும் எனக்கு உயிர் போய்விட்டது.

“எனக்கு முன்னாடியே குத்திட்டாங்க. இவங்க பொய் சொல்றாங்க,” என்று கத்தினேன். பக்கத்திலேயே மைக் இருந்தது. தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, எழுந்து வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“எல்லாருக்கும் தெரியும் கண்ணு. அந்தக் காதையும் காட்டு.”

ஒருவரும் எழுந்து போகவில்லை. சாப்பிட்டார்கள், வரிசையில் நின்று மொய் எழுதினார்கள். தெரிந்தே வந்தவர்கள் அன்றைக்கே கேட்டபோது கொடுத்திருந்தால் என் காது தப்பியிருக்கும். கைமாற்று கேட்டவன் முகத்தில் விழிக்கப் பயப்படுகிற ஜனம், பந்தல் போட்டவன் வீட்டுக்கு மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மாமா சீராகப் போட்ட புதுக் கம்மலும் ஒரு வாரத்தில் பழைய கம்மல் போன கடைக்கே போனது.

கடைசியாக ஒருவர் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நல்ல வாசனை அடித்தது. அப்பா கட்டுப்போட்ட கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடினார். ஐநூற்றொரு ரூபாய் என்று மைக்கில் சொன்னார்கள். பின்னால் அவர் மகன் கல்யாணத்துக்கு அப்பா ஆயிரத்தொன்று திருப்பி எழுதினார். மொய் என்றால் கூட்டித்தானே வைக்க வேண்டும்?

சார் காலில் விழு என்றார் அப்பா. விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, காதைப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதா பாப்பா?”

காலையிலிருந்து அத்தனை பேர் இருந்தும் அதை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார். அவர் கார் கிளம்பியபோது தெருமுனைவரை பின்னாலேயே ஓடி டாட்டா காட்டிவிட்டு வந்தேன்.

அந்த அங்கிள் ரொம்ப நல்லவர் என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மா என் கையிலிருந்த சாக்லேட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அப்பா மட்டும், “ஆமாம்மா, நல்லவரு,” என்றார்.