கஞ்சி போட்ட வெல்வெட்

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காதுதான் சூடாகும். தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், இரண்டு வருடம் சூடான காதோடே திரிந்தேன்.

என் பிழைப்பு ஊதா நிற பாக்டீரியாவோடு. வெளிச்சத்தை வைத்து வாழும் அந்தச் சனியன், காற்றிலிருக்கும் நைட்ரஜனையே பிடித்துத் தின்று வளரும். அந்தத் திறமை கெட்டுப்போன ஒன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும். மியூட்டண்ட் என்போம். அது கிடைக்காவிட்டால் எனக்கு டாக்டர் பட்டம் கிடையாது.

வழி சுலபம்தான். தட்டில் முளைத்த பாக்டீரியாப் புள்ளிகளின்மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதே துணியை இரண்டு புதுத் தட்டுகளில் ஒற்ற வேண்டும். ஒன்றில் அம்மோனியா உப்பு இருக்கும். மற்றதில் நைட்ரஜன் சத்து எதுவும் இருக்காது. ஜாடிக்குள் அடைத்த நைட்ரஜன் வாயு மட்டும். முதல் தட்டில் முளைத்து இரண்டாவதில் முளைக்காத புள்ளிதான் நான் தேடுவது. எனக்கோ எல்லாப் புள்ளியும் இரண்டிலும் முளைத்துத் தொலைத்தது.

எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள் சோமனூர்க்காரி, வீட்டில் விசைத்தறி. அவளுடைய வெல்வெட் துணி பிசிறடித்து, கசங்கி, பார்க்கச் சகிக்காது. என்னுடையது மடிப்புக் கலையாமல் நிற்கும். ஆனால் அவளுக்கு மூன்றாவது மாதமே மியூட்டண்ட் கிடைத்தது. பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு அவள் தட்டைக் காட்டினார்.

"துணிய ஒழுங்கா ஒத்தியிருக்க மாட்டாளுங்க சார்" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். அவள் முகம் செத்துப்போனது. பொய் சொல்வானேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறுபடி செய்து பார்த்தாள். இரண்டாவது தட்டில் அதே புள்ளி மறுபடியும் முளைக்கவில்லை. அவள் செய்தது சரிதான்.

ஒருநாள் மத்தியானம் என் துணியை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். தறிக்காரி விரல்.

"ஏனுங்க்கா, இதுக்குக் கஞ்சி போட்டிருக்கீங்களா?"

"போடாம? ஊட்டுல அப்பா வேட்டியோட சேர்த்துத்தான் துவைக்கிறேன்."

"சோத்துக் கஞ்சிங்களா?"

"பின்னே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுல புரோட்டீன் இருக்குமில்லீங்க்கா, புரோட்டீன்னா நைட்ரஜன்தானுங்க. பட்டினி போட வேண்டிய தட்டுல நீங்களே சோறு போட்டுட்டு இருக்கீங்க."

இரண்டு வருடம்! அந்நேரம் பார்த்துப் பேராசிரியர் உள்ளே வந்து என்ன விஷயம் என்றார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க சார். அக்கா துணி நைஞ்சுபோச்சு, மாத்திப்போடலாம்னு சொல்லிட்டிருந்தேனுங்க."

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துபோட்டாள் பாவி. அவள் கொடுத்த கசங்கல் துணியில்தான் என் மியூட்டண்ட் கிடைத்தது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர், அப்பா, ஆய்வுக்கூடத்தில் தட்டு கழுவிக் கொடுத்த அம்மா, வெல்வெட் வெட்டித் தந்த டெய்லர் வரை எல்லோரையும் எழுதினேன். அவளை எழுதவில்லை.

பைண்டிங் ஆகி வந்ததும் ஆசையாகக் கேட்டு வாங்கினாள். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு மூடி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பைண்டிங் நல்லா வந்திருக்குங்க்கா."